எதற்காகக் கொடுத்தார்?

கேள்வி: தென்காசி பக்கம் 32 பேர் தங்கியிருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடத்தில் நன்கொடை கொடுத்த 1,140 பேரின் பெயர் எக்செல்லில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வருடத்துக்கு வருடம் பதில் குறைகிறது. ஆட்களைப் பிரித்து அனுப்பச் சொல்கிறார் எங்கள் ஆடிட்டர். தொகையை வைத்துப் பிரித்தால் போதுமா அம்மா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: போதாதும்மா. நானும் தொகையில்தான் ஆரம்பித்தேன். மதுரையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் 19 வருடம் ரசீதுப் புத்தகமும் கொடையாளர் பேரேடும் என் கையில் இருந்தன. ஆயிரத்துக்குக் கீழே, ஐயாயிரம் வரை, அதற்கு மேல் என்று மூன்று கட்டு. மேல் கட்டுக்குக் கடிதம், மற்றவர்களுக்கு அஞ்சலட்டை. ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்: மாதம் தவறாமல் 200 ரூபாய் கட்டிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கீழ்க் கட்டில் கிடந்தார். மகன் கல்யாணத்தின்போது 10,000 கொடுத்ததோடு சரி, அப்புறம் எட்டியே பார்க்காதவர் மேல் கட்டில் இருந்தார். வருடத்துக்கு 2,400 ரூபாய், அதுவும் ஆறு வருடமாகத் தந்தவருக்கு நாங்கள் ஒரு கடிதம்கூட எழுதியிருக்கவில்லை.

அதனால் தொகையைக் கடைசியில் பாருங்கள். கடைசி ரசீதுத் தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரு வருடத்துக்குள் கொடுத்தவர், மூன்று வருடத்துக்குள் கொடுத்தவர், அதற்கும் முந்தியவர் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எத்தனை முறை கொடுத்தார் என்று பக்கத்தில் எழுதுங்கள். முதல்முறை கொடுத்தவரிடம் உடனே அடுத்ததைக் கேட்க வேண்டாம். அவர் பணத்தில் என்ன வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். மூன்று வருடமாகத் தொடர்பில்லாதவருக்குச் செய்தி அனுப்பிப் பயனில்லை, போனில் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்பினால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பதில் குறைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, நான் முக்கியமாக நினைப்பது. 'எதற்காகக் கொடுத்தார்' என்று புதிதாக ஒரு கட்டம் சேருங்கள். பிறந்தநாள் சாப்பாடு, பெற்றோர் நினைவு நாள், வேண்டுதல், மருந்துச் செலவு என்று ரசீதின் அடிக்கட்டையிலேயே பாதி விவரம் இருக்கும். உங்களைப் போன்ற இல்லத்துக்கு நினைவு நாள் கொடையாளர்கள்தான் தூண். அவர்களுக்குத் தீபாவளி வேண்டுகோள் தேவையில்லை. அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு போன் போதும். ஆனால் அது தேதியா, திதியா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி என்பவருக்குப் போன வருடத்துத் தேதியில் கூப்பிட்டால் நாள் தப்பிவிடும். வருடாவருடம் பஞ்சாங்கம் வந்ததும் அந்தப் பெயர்களுக்கு நாள் பார்த்து எழுதிவிடுவேன்.

யார் பெயரில் ரசீது, யாரிடம் பேச வேண்டும் என்ற இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஒரு அம்மா தன் கணவர் நினைவாகப் பணம் கட்டியிருந்தார். பேரேட்டில் அந்த ஐயாவின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தேன். மறுவருடம் 'தாங்கள் நலமா' என்று தொடங்கும் கடிதம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை, கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். இன்னும் மறக்க முடியவில்லை.

வரிச்சலுகைக்காகக் கொடுப்பவர்கள் தனிக் கூட்டம். அவர்களிடம் மார்ச் முதல் வாரத்திலேயே கேளுங்கள். பான் எண் வாங்கிவிடுங்கள். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்பார்கள்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கிடைக்காது. எல்லோருக்கும் 'வரிவிலக்கு உண்டு' என்று அனுப்பினால் பிறகு சங்கடம்.

வெளிநாட்டில் இருப்பவர்களையும் ஒரே கட்டாகப் போட்டுவிடாதீர்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்; வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் அவர்களிடம் உதவி கேட்க வேண்டும்.

இன்னொன்று. அரிசி மூட்டை, பழைய சேலை, ஒரு டின் எண்ணெய் கொண்டுவந்து இறக்குபவர்களுக்கு நீங்கள் பண ரசீது போட்டிருக்க மாட்டீர்கள், அதனால் அந்த 1,140 பேரில் அவர்கள் இருக்க மாட்டார்கள். வாசலில் வாட்ச்மேன் அண்ணன் வைத்திருக்கும் நோட்டை வாங்கிப் பாருங்கள். மாதாமாதம் வருகிறவர்களின் பெயர் அதில்தான் இருக்கும்.