விமானம் கிளம்புவதற்குள் ஓர் உத்தரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனித உரிமை நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் இடைக்கால உத்தரவுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அதற்குள் ஓர் அரசைப் பார்த்து 'நிறுத்து' என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் எப்படிச் சொல்ல முடியும்?

இறுதித் தீர்ப்பு வரச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் மனுதாரரைத் தூக்கில் போட்டுவிட்டாலோ, சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு அனுப்பிவிட்டாலோ, பிறகு வரும் தீர்ப்பு யாருக்கு? அதனால்தான் இந்த அதிகாரம். அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்கு இது உடன்படிக்கையின் 63(2) பிரிவிலேயே எழுதித் தரப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்கு, அதை நிறுவிய நெறிமுறை ஒப்பந்தத்தின் 27(2) பிரிவு. இரண்டிலும் நிபந்தனைகள் மூன்று: விஷயம் மிகத் தீவிரமானதாக இருக்க வேண்டும், அவசரமானதாக இருக்க வேண்டும், ஈடுசெய்ய முடியாத பாதிப்பைத் தடுப்பதற்காக இருக்க வேண்டும். ஐரோப்பிய உடன்படிக்கையில் மட்டும் அப்படி ஒரு வரி கிடையாது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தானே வகுத்துக்கொண்ட நடைமுறை விதி 39தான் அங்கே ஆதாரம்.

உடன்படிக்கையில் இல்லாத ஒன்றுக்கு அரசுகள் ஏன் கட்டுப்பட வேண்டும்?

நியாயமான கேள்வி. அந்த நீதிமன்றமே ஒரு காலத்தில் 'கட்டுப்பட வேண்டியதில்லை' என்றுதான் சொன்னது. சிலி நாட்டுக் குடும்பம் ஒன்று ஸ்வீடன் மீது தொடுத்த குரூஸ் வராஸ் வழக்கில், 1991-இல், பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் வந்த முடிவு அது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் கதையே வேறு.

2005-இல் மமத்குலோவ் வழக்கில் நிலைமை தலைகீழானது. உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த இருவரை ஒப்படைக்க வேண்டாம் என்று 1999 மார்ச்சில் நீதிமன்றம் துருக்கியிடம் சொல்லியிருந்தது. அதே மாதத்தில் துருக்கி அவர்களை ஒப்படைத்துவிட்டது. நீதிமன்றத்தின் பெரிய அமர்வு (கூடுதல் நீதிபதிகள் கொண்டது) இப்படிப் பார்த்தது: தனிநபர் மனு செய்யும் உரிமைக்கு அரசுகள் குறுக்கே நிற்கக் கூடாது என்று உடன்படிக்கையின் 34-ஆம் பிரிவு சொல்கிறது, மனுதாரரையே எட்டாத இடத்துக்கு அனுப்புவது அந்த உரிமைக்குக் குறுக்கே நிற்பதுதான். ஆகவே இடைக்கால உத்தரவை மீறினால் 34-ஆம் பிரிவையே மீறியதாகும். இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, லாகிராண்ட் வழக்கில், ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றமும் தன் உத்தரவுகள் கட்டுப்படுத்தும் என்று சொல்லியிருந்தது.

இந்த வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் உடன்படிக்கையில் ஒரு வரியாக இது இருந்திருந்தால், இன்றும் சில அரசியல்வாதிகள் 'நாங்கள் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லையே' என்று பேச வாய்ப்பே இருந்திருக்காது.

வேலைநீக்கம், வீடு ஏலம் போன்றவற்றுக்கும் இப்படித் தடை வாங்கலாமா?

பொதுவாக முடியாது. பணத்தால் ஈடுகட்டக்கூடிய இழப்பு இந்த வாசலுக்குள் வராது. உயிர், சித்திரவதை இரண்டும்தான் பெரும்பாலான வழக்குகள். விதிவிலக்குகள் உண்டு. பிரான்சில் கோமாவை ஒத்த நிலையில் இருந்த வின்சென்ட் லாம்பேருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த வேண்டாம் என்று 2014-இல் உத்தரவு வந்தது. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் நோவயா கெஸெட்டா பத்திரிகையை முடக்க வேண்டாம் என்று ஓர் உத்தரவு வந்தது.

அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம் கை தாராளம். கொலம்பியாவில், ஆயுத மோதலில் எந்தத் தரப்பையும் சேராத சான் ஹோசே டி அபர்த்தடோ என்ற அமைதிச் சமூகம் முழுவதற்கும் 2000-இல் பாதுகாப்பு உத்தரவிட்டது. என் மனதில் நிற்பது எல் சால்வடோர் வழக்கு. நீதிமன்றம் 'பி' என்று மட்டும் குறிப்பிட்ட இளம்பெண்ணுக்கு லூபஸ் நோய். கருவில் இருந்த குழந்தைக்கு மூளை வளரவில்லை, பிறந்தாலும் பிழைக்காது. கருக்கலைப்பு அந்நாட்டில் முழுக்கக் குற்றம் என்பதால் மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அடுத்த நாளே, 2013 மே 29 அன்று, அவர் உயிரைக் காக்கத் தேவையான சிகிச்சையைத் தடையின்றி அளிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜூன் 3 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. இறுதித் தீர்ப்புக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

உறவினர் ஒருவர் ஐரோப்பாவில் தடுப்புக்காவலில் இருக்கிறார். இரண்டு நாளில் நாடுகடத்தப் போகிறார்களாம். என்ன செய்வது?

முதலில் அங்குள்ள வழக்கறிஞர். உள்நாட்டில் நாடுகடத்தலை நிறுத்தி வைக்கக்கூடிய மேல்முறையீடு பாக்கி இருந்தால் ஸ்ட்ராஸ்பர்க் அதைத்தான் முதலில் கேட்கும். அப்புறம் விதி 39 கோரிக்கை. இதற்கென்றே உள்ள இணையதளம், தொலைநகல், தபால் வழியாக அனுப்பலாம். மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது. கட்டணம் கிடையாது. விமானம் கிளம்பும் தேதி, நேரம், அவரை வைத்திருக்கும் இடம், உள்நாட்டு முடிவுகளின் நகல்கள் எல்லாம் கண்டிப்பாக வேண்டும். 'அங்கே போனால் ஆபத்து' என்று எழுதினால் போதாது. இவருக்கு ஏன் ஆபத்து என்பதைக் காட்டும் ஆவணம் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வேலை நாள் முன்பாவது கோரிக்கை போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். மறுத்தால் மேல்முறையீடு இல்லை.

உத்தரவு கிடைத்தாலே வழக்கு வென்ற மாதிரிதானே?

இல்லை. லாம்பேர் வழக்கில் உத்தரவு கிடைத்தது; 2015-இல் வழக்கு தோற்றது. மறுபக்கம், பிரிட்டனிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட இருந்த ஒரு தமிழர் 'என்.ஏ.' என்ற பெயரில் தொடுத்த வழக்கு. அதில் உத்தரவும் கிடைத்தது, 2008-இல் தீர்ப்பும் சாதகமாக வந்தது.

அரசு மீறினால் நீதிமன்றத்தால் என்ன செய்ய முடியும்?

போலீஸ் அனுப்ப முடியாது. மீறல் என்று அறிவிக்கலாம், இழப்பீடு விதிக்கலாம். பயங்கரவாதக் குற்றச்சாட்டுக்கு ஆளான துனீசியர் டிராபெல்சியை, உத்தரவை மீறி அமெரிக்காவுக்கு ஒப்படைத்த பெல்ஜியத்துக்கு 2014-இல் 60,000 யூரோ விழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியை விடுவிக்கச் சொன்ன 2021 பிப்ரவரி உத்தரவை ரஷ்யா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டிரினிடாட், அமெரிக்க நாடுகளின் நீதிமன்ற உத்தரவு நிலுவையில் இருக்கும்போதே 1999-இல் இருவரைத் தூக்கிலிட்டது. நைஜீரியா 1995-இல் எழுத்தாளரும் போராளியுமான கென் சாரோ-விவாவுக்கு அதையே செய்தது. அங்கே நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டது நீதிமன்றம் அல்ல, ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம்.

இதையெல்லாம் வைத்து 'வெறும் காகிதம்' என்று முடிவுகட்டுவது அவசரம். 2022 ஜூன் 14 இரவு, புகலிடம் கோரியவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பப் புறப்படத் தயாராக நின்ற விமானத்தில், ஸ்ட்ராஸ்பர்க் உத்தரவுக்குப் பிறகு பிரிட்டன் கடைசியில் யாரையும் ஏற்றிச் செல்லவில்லை. அந்த அரசுக்கு உத்தரவு துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் விமானம் கிளம்பவில்லை. அரிதாக, தெளிவான ஆபத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவதால்தான் இந்த உத்தரவுகளுக்கு அந்த மதிப்பு என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் நீட்டினால் அது கரைந்துவிடும். அன்றைய உத்தரவை இட்ட நீதிபதியின் பெயரை வெளியிடாதது நல்ல வழக்கமல்ல என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. பின்னர் நீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது.

ஆசியாவில் இருப்பவர்கள் எங்கே போவது?

ஆசியாவுக்கென்று மனித உரிமை நீதிமன்றம் இல்லை. ஐ.நா. மனித உரிமைக் குழு இதேபோன்ற கோரிக்கையை விடுக்கலாம். தனிநபர் புகார்களைக் குழு கேட்க வழிசெய்யும் விருப்ப நெறிமுறை ஒப்பந்தத்தைச் சம்பந்தப்பட்ட நாடு ஏற்றிருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் ஏற்றிருந்தது. ஆனாலும் 1999 ஜூலையில், குழு கேட்டுக்கொண்டதையும் மீறி, மூவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. அது நெறிமுறையின் கீழுள்ள கடமையை மீறிய செயல் என்று அடுத்த ஆண்டு குழு அறிவித்தது.