வரியா, குறியீடா?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதல் என்று ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்த மெக்சிகோவில் அவற்றின் விற்பனை குறைந்தது. நம் அரசாங்கமோ போத்தலில் ஒரு குறியீட்டை ஒட்டியதோடு நின்றுவிட்டது. ஆய்வுக்குச் செவிசாய்க்காத கொள்கை அல்லவா இது?

க., ஈசூன்

அன்புள்ள க.,

செவிசாய்த்திருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். 2018 டிசம்பரில் சுகாதார அமைச்சு கருத்துக் கேட்டபோது சர்க்கரை மிகுந்த பானங்களுக்குத் தடை, வரி, கட்டாயக் குறியீடு, விளம்பரக் கட்டுப்பாடு ஆகிய நான்கையும் முன்வைத்தது. எதனால் என்ன பலன் என்பதை ஆய்வு சொல்லும். யார் தலையில் எவ்வளவு சுமையை ஏற்றலாம் என்பதை அரசாங்கம்தான் முடிவுசெய்து, அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2014இல் மெக்சிகோ லிட்டருக்கு ஒரு பெசோ விதித்தது. சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் அதே வரி என்பதால், தயாரிப்பாளர் சர்க்கரையைக் குறைத்து லாபம் காண வழியில்லை. 2018இல் நடப்புக்கு வந்த பிரிட்டிஷ் வரி 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம், 8 கிராம் என்று படி வகுத்ததால், பல நிறுவனங்கள் முன்கூட்டியே கலவையை மாற்றின. பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் இடும் நம் நியூட்ரி-கிரேட் குறியீடு அந்தப் படியை மட்டும் எடுத்துக்கொண்டு வரியை விட்டுவிட்டது என்றே நான் பார்க்கிறேன்: 5 கிராமைத் தாண்டினால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’, ‘டி’ பானத்துக்கு விளம்பரம் கிடையாது. விதிமுறை நடப்புக்கு வந்தது 2022 டிசம்பர் 30இல். ஆனால், 2017இல் 7.1 விழுக்காடாக இருந்த பொட்டலப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2023க்குள் 4.6 விழுக்காடாக இறங்கிவிட்டது. கடையில் நாம் அந்த எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொழிற்சாலைகள் பார்த்துவிட்டன.

உங்கள் மனக்குறையில் நியாயம் இருப்பது வேறோர் இடத்தில். அந்த 4.6 என்பது பானத்தைப் பற்றிய கணக்கு. குடிப்பவரின் ரத்தச் சர்க்கரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கடையில் கலக்கும் பானங்களுக்கு விதி வந்தது ஓராண்டு கழித்துத்தான். அதிலும் சிறு வணிகங்களுக்கு விலக்கு உண்டு. ‘சியூ டாய்’ (இனிப்பு குறைவாக) என்று கேட்டு வாங்கும் தே தாரிக் பால்தேநீரில்கூட, கெட்டிப்பால் எத்தனை கரண்டி என்பது கலக்குபவரின் கைப்பழக்கம். (வீட்டுத் தேநீரை எந்த விதியும் எட்டாது.) நம் சமூகத்தின் சர்க்கரையில் எவ்வளவு போத்தலிலிருந்து, எவ்வளவு கோப்பையிலிருந்து வருகிறது என்று இனவாரியாக அளந்து வெளியிடச் சொல்லி நீங்கள் அமைச்சுக்கு எழுதலாம். வரி வேண்டுமா என்ற வாதத்தை அந்தக் கணக்கு கையில் வந்தபின் தொடர்வோம்.