வரி கட்டாத நிலச்சுவான்தார்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில் மகள் வீட்டில் சில மாதம் தங்கியிருந்தேன். பேரன் படிக்கும் அரசுப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பெற்றோர் ராணுவத்தில் இருக்கிறார்களா, மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தில் குடியிருக்கிறார்களா, அங்கே வேலை பார்க்கிறார்களா என்று அதில் கேட்டிருந்தார்கள். அத்தகைய பிள்ளைகளுக்காக மத்திய அரசு தனியாகப் பணம் தருகிறதாம். இலவசம் என்றாலே முகம் சுளிக்கும் நாட்டில், ராணுவத்தார், பூர்வகுடியினர் என்று ஆள் பார்த்துச் சலுகை கொடுப்பது என்ன நியாயம்? – ஒரு வாசகர், கோவை.

பதில்: சலுகை என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டால், மேலே பேசுவது எளிதாக இருக்கும். ‘இம்பேக்ட் எய்ட்’ என்று அங்கே அழைக்கப்படும் இந்தப் பணம் பிள்ளையின் கைக்கும் போவதில்லை, பெற்றோரின் கைக்கும் போவதில்லை. ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்து, ஆசிரியர் சம்பளமாகவும் மின்கட்டணமாகவும் பேருந்துச் செலவாகவும் கரைந்துவிடுகிறது. அதனால் உங்கள் பேரனுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளத்திலும் அதில் கொஞ்சம் இருக்கக்கூடும்.

இந்தப் பணம் ஏன் வருகிறது என்பதை அறிய, அந்நாட்டுப் பள்ளிகள் எதை நம்பிப் பிழைக்கின்றன என்று பார்க்க வேண்டும். அங்கே அரசுப் பள்ளிகளுக்கு ஆகும் செலவில் மத்திய அரசின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏற்கின்றன. உள்ளூரின் பங்கில் பெரும்பகுதி, வீடுகளுக்கும் கடைகளுக்கும் நிலங்களுக்கும் விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆனால் மத்திய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரி போட முடியாது. வரி விதிக்கும் அதிகாரம் அழிக்கும் அதிகாரத்தை உள்ளடக்கியது என்று 1819 ஆம் ஆண்டின் மெக்கல்லக் வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பு இன்றுவரை அந்த விலக்குக்கு அரணாக நிற்கிறது. இந்த விலக்கைப் பெறுபவரோ, நாட்டின் மொத்த நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல் வைத்திருக்கும் நிலச்சுவான்தார். நெவாடா மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் அவருடையது. அவர் நிலத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளி கதவைத் திறந்தே ஆக வேண்டும், அவரிடம் வரி மட்டும் கேட்கக் கூடாது.

நீங்கள் தங்கியிருந்த நகரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஃபோர்ட் சாம் ஹூஸ்டன், லாக்லேண்ட், ராண்டால்ஃப் ஃபீல்ட் ஆகிய மூன்று பள்ளி மாவட்டங்களும் ராணுவ, விமானப்படைத் தளங்களுக்குள்ளேயே அடங்கியவை. தளத்தின் எல்லையே அவற்றின் எல்லை. வரி போடுவதற்கு அங்கே ஒரு தனியார் வீடுகூடக் கிடையாது. தளத்துக் கடைகளில் விற்கும் பொருளுக்கு மாநில விற்பனை வரியும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெருகி, கொரியப் போரால் மீண்டும் பெருகத் தொடங்கிய இத்தகைய தளங்களைச் சுற்றியிருந்த ஊர்கள் தாங்க முடியாமல் முறையிட்ட பிறகுதான், 1950 செப்டம்பரில், கட்டடத்துக்கு ஒன்றும் அன்றாடச் செலவுக்கு ஒன்றுமாக இரண்டு சட்டங்கள் அதிபர் ட்ரூமன் காலத்தில் நிறைவேறின. வரியைக் கட்டமாட்டேன், அதற்கு ஈடாக ஏதோ கொஞ்சம் தருகிறேன் என்பதே அவற்றின் சாரம்.

அந்தக் ‘கொஞ்சம்’ எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலேயே நீங்கள் சொல்லும் ‘ஆள் பார்த்தல்’ அடிபட்டுப்போகிறது. ஒரு பிள்ளையைக் கணக்கில் எத்தனை பிள்ளையாக எண்ணுவது என்பதற்கு ஓர் எடை உண்டு. உள்ளூர் வரிக்கு உட்படாத பூர்வகுடிகளின் நிலத்தில் வசிக்கும் பிள்ளைக்கு எடை 1.25, ராணுவத் தளத்துக்குள் வசிக்கும் ராணுவத்தாரின் பிள்ளைக்கு 1, தளத்துக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கும் அதே ராணுவத்தாரின் பிள்ளைக்கு 0.20 மட்டுமே, ஏனென்றால் அந்த வீட்டின் உரிமையாளர் சொத்து வரி கட்டிவிடுகிறார். ஆளைப் பார்த்துக் கொடுப்பதாயிருந்தால் தகப்பனின் சீருடை இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? எடை மாறுவது காலடியில் இருக்கும் மண்ணைப் பொறுத்து.

உங்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்த காலம் ஒன்று உண்டு. சொந்த வீட்டில் குடியிருந்து, அதற்கு முழு வரியும் கட்டிக்கொண்டு, வாஷிங்டன் அலுவலகங்களுக்கு வேலைக்குப் போய்வந்த அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக, மேரிலாந்தின் மான்ட்கோமரி போன்ற வசதியான புறநகர்ப் பகுதிகளும் இந்தப் பணத்தை வாங்கின. அது கூச்சப்பட வேண்டிய சங்கதிதான்; ஐசன்ஹோவர் தொடங்கி அதிபர்கள் பலர் அதை வெட்டப் பார்த்ததில் தவறில்லை. 1994 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கணக்கை வெகுவாக இறுக்கிவிட்டது.

ஆனால் வெட்டு அங்கே மட்டும் விழவில்லை. சட்டத்தின் சூத்திரப்படி சேர வேண்டிய முழுத் தொகையை நாடாளுமன்றம் 1960களின் இறுதிக்குப் பிறகு ஒதுக்கியதே இல்லை. இன்று ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டாலர் ஒதுக்கப்படுகிறது. அதை வைத்து, எந்த மாவட்டம் எவ்வளவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருக்கிறது என்று அளந்து, பந்தியில் குறையும் சோற்றைப் பங்கிடுவதுபோலப் பங்கிடுகிறார்கள். வீட்டு வரியில் பாதியைக் கட்டிவிட்டு, மீதியைக் கட்டாததோடு, கட்டிய பாதிக்கு ‘உதவி’ என்று பெயரும் வைத்துக்கொள்ள நம்மில் யாருக்காவது முடியுமா?

இதைவிடக் கசப்பான ஒன்று நியூ மெக்சிகோவில் நடந்தது. ஸூனி பூர்வகுடியினரின் பள்ளி மாவட்டம், வரி விதிக்கத்தக்க நிலம் அநேகமாக எதுவும் இல்லாதது. மத்திய அரசு அதற்கு அனுப்பிய தொகையில் 75 சதவீதத்தைக் கணக்கில் காட்டி, மாநில அரசு தன் மானியத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டு வந்தது. மாவட்டங்களுக்கிடையே ஒரு மாணவருக்கான தொகையில் வேறுபாடு 25 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அப்படிக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. வேறுபாட்டை அளக்குமுன் மிக அதிகம், மிகக் குறைவு என்ற இரு முனைகளிலும் 5 சதவீதத்தைத் தள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. மாவட்டங்களின் எண்ணிக்கையில் 5 சதவீதத்தைத் தள்ளினால் வேறுபாடு 26.9 சதவீதம், குறைப்பை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் ஸூனி வென்றிருக்கும். மத்திய கல்வித்துறை மாணவர் எண்ணிக்கையில் தள்ளியதால் 89 மாவட்டங்களில் 23 கணக்கிலிருந்து வெளியேற, மிஞ்சியவற்றில் உச்சத்துக்கும் அடிக்கும் இடையே இருந்தது 411 டாலர், அதாவது சுமார் 14 சதவீதம். 2007 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இந்த இரண்டாம் முறையே செல்லும் என்றது. நீதிபதி ஸ்காலியா, சட்டத்தின் சொற்களை இப்படி வளைக்கலாமா என்று மாறுபட்ட தீர்ப்பில் சீறினார். நியூ மெக்சிகோ இந்தக் கழிவை நிறுத்திக்கொள்ளச் சட்டம் இயற்றியது 2021 இல்தான்.

உங்கள் மகள் அந்தப் படிவத்தை இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்றால், ‘இல்லை’ என்பதே பதிலானாலும் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தளத்தில் குடியிருக்கும் பக்கத்துப் பெஞ்சுப் பையனின் வீட்டுக்கும் அதையே சொல்லச் சொல்லுங்கள். பெற்றோரின் கையெழுத்தில்லாத படிவத்துக்குரிய பிள்ளை அந்த ஆண்டுக் கணக்கில் சேருவதில்லை.