ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், தந்தையின் கொலைக்குப் பழிவாங்க இளவரசன் ஹாம்லெட் காட்டும் தயக்கம் எரிச்சலூட்டுகிறது; நாடகம் எனக்குப் புரியவில்லையா?

புரிந்ததால்தான் எரிச்சல் வருகிறது. மாணவனாக முதன்முறை படித்தபோது நானும் பொறுமையிழந்து புத்தகத்தை மூடிவைத்தேன்.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மட்டும் மறுபடி நிதானமாகப் படியுங்கள். ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்ற சித்தப்பா கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். பின்னால் உருவிய வாளுடன் ஹாம்லெட். ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் சொர்க்கத்துக்கல்லவா போய்விடுவான் என்று எண்ணி வாளை உறையில் போடுகிறான். அவன் போனபிறகு எழும் கிளாடியஸ், தன் சொற்கள் மேலே பறக்கின்றன, எண்ணங்களோ கீழேயே கிடக்கின்றன என்கிறான். அதாவது, அவனால் ஜெபிக்கவே முடியவில்லை! நமக்குத் தெரிந்த இந்த உண்மை ஹாம்லெட்டுக்குத் தெரியாது. அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அடுத்த காட்சியிலேயே, திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமலே குத்துகிறான். செத்தது கிளாடியஸ் அல்ல, அரசவை ஆலோசகர் பொலோனியஸ். ஆகவே அவனைக் கோழை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யோசித்தபோது தவறவிட்டான், யோசிக்காதபோது ஆள் மாறிப்போனது.

பொலோனியஸின் மகன் லேர்ட்டீஸும் தந்தையைப் பறிகொடுத்தவன்தான். அவன் துளியும் தயங்கவில்லை. ஐந்தாம் அங்கத்தில், தானே நஞ்சு தடவிய வாளால் சாகிறான்.