மூன்று மழைக்காலம் நின்ற மாருதி 800: பின்சக்கரம் மட்டும் ஏன் சுற்றவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அப்பாவின் 1998 மாருதி 800 மூன்று வருடமாக வீட்டுச் சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. எஞ்சின் வேலை முடிந்து ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் தள்ளினால் இடது பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபடுகிறது. ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருக்கிறது. ஒருவர் கியர்பாக்ஸ் என்கிறார், இன்னொருவர் பேரிங் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கியர்பாக்ஸை மறந்துவிடுங்கள். 800-இல் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை மட்டும்தான். பின்சக்கரத்துக்கும் கியருக்கும் தொடர்பே கிடையாது. பின்சக்கரங்களை எஞ்சின் ஓட்டும் அம்பாசடராக இருந்தால் டிஃபரன்ஷியலையும் (பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி) சந்தேகப்பட வேண்டியிருக்கும். பேரிங் மீதும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. துருப்பிடித்த பேரிங் கரகரவென்று முனகிக்கொண்டாவது சுற்றும். கல்லாகப் பூட்டிக்கொள்வது அபூர்வம். மிச்சம் இருப்பது பிரேக்.

முதலில் வண்டியைத் தூக்குவது. பின்பக்கம் மேலே போனதும் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள், ஸ்டாண்டில் உட்காரவையுங்கள்.

இனி ஹேண்ட் பிரேக் கேபிள். உள்ளே லீவர் இறங்கியிருப்பதால் கேபிள் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. உறையின் தாழ்ந்த வளைவில் தண்ணீர் தேங்கி, கம்பி உள்ளேயே துருவில் சிக்கியிருக்கலாம். லீவர் அடியில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கேபிள் உறைக்குள் நுழையும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கம்பி அசையவே இல்லை என்றால் அந்தக் கேபிளை மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டு ஓட்டினால் அடுத்த மழைக்கே மறுபடி சிக்கும்.

அடுத்தது பிரேக் ஆயில் அழுத்தம். வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தின் பிரேக்கை இயக்கும் பாகம்) நிப்பிளில், அதாவது காற்றெடுக்கும் திருகில், முந்தின இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். காலையில் ரிங் ஸ்பேனரால் கால் சுற்றுத் திறங்கள். ஓபன் ஸ்பேனர் முனையை மழித்துவிடும். பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரமும் விடுபட்டால், குற்றவாளி பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான். பழைய ஹோஸ் உள்ளுக்குள் வீங்கிப் பாதை அடைபடும்: பெடலை மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் என்பதால் எல்லாச் சக்கரங்களுக்கும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம். சிந்திய ஆயிலை உடனே தண்ணீரில் கழுவுங்கள். பெயிண்டை அது உரித்துவிடும்.

இரண்டிலும் விடவில்லையா? உங்கள் வண்டியில் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். ஹேண்ட் பிரேக் போட்டபடி மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் ஷூவின் லைனிங்குக்கும் (உராய்வுப் பட்டை), சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்முக்கும் நடுவே ஈரம் இறங்கி, துரு இரண்டையும் ஒட்டிவிடும். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் போல்ட்டுகளில் மறுபடி மாட்டி முன்னும் பின்னும் உலுக்குங்கள். இல்லையென்றால் டிரம்மின் தட்டையான முகத்தில், போல்ட்டுகளுக்கு இடையே மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வெளி விளிம்பில் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு தெறித்துவிடும். கயிறு கட்டி இழுக்கும் யோசனையும் வேண்டாம், டயர் ஒரே இடத்தில் தேயும்.

'டொக்' என்று விட்டதும் வேலை முடிந்ததாக நினைத்து ஓட்டிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்மிலேயே ஒட்டியிருக்கலாம். ஓடும்போது துண்டு குறுக்கே மாட்டினால் சக்கரம் மறுபடி பூட்டிக்கொள்ளும். டிரம்மைத் திறந்தே ஆக வேண்டும். நடு மூடி, நட்டின் பூட்டு, நட்டு, வாஷர் என்ற வரிசையில் வரும். டிரம்மில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தால் பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் வெளியே தள்ளும். பாதியில் நின்றால் உள் விளிம்பில் துரு மேடு ஷூவைப் பிடிக்கிறது. ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் தளர்த்த வேண்டும். தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். ஈரமோ துருவோ தெரிந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டு ஒப்பேற்றாமல் சிலிண்டரையே மாற்றுங்கள். ஷூவை இரண்டு பக்கமும் செட்டாக வாங்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கும். உங்கள் ஊர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும், பழைய ஷூவைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். டிரம் உள்விட்டம் அதிலேயே வார்த்திருக்கும் உச்ச அளவைத் தாண்டியிருந்தால் கடைசல் பிடிப்பது வீண். டிரம் கையில் இருக்கும்போதே பேரிங்கையும் விரலால் சுற்றிப் பாருங்கள், சொரசொரத்தால் மாற்றிவிடுங்கள்.

நட்டின் பூட்டுப் பின்னைப் புதிதாகப் போட்டு, பிரேக் ஆயிலில் காற்றெடுத்த பிறகு ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியாக இறுக்குங்கள். வண்டி மறுபடி ஓடாமல் நிற்கும் நாட்களில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரும் கட்டையும் போதும்.