புயல் தாங்கும் ஷட்டர்: கூடுதல் பணம் எதற்கு?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டை ஒட்டிச் செங்கல் சுவரும் தகர ஷீட் கூரையுமாக ஒரு கார் ஷெட் இருக்கிறது. அதன் 12 அடி அகல, 8 அடி உயர ஷட்டர் துருப்பிடித்துவிட்டதால் மாற்ற வேண்டியிருக்கிறது. கடைக்காரர் ஒருவர் ‘புயல் தாங்கும் ஷட்டர்’ என்று சொல்லி, சாதாரண ஷட்டரைப் போல ஒன்றரை மடங்கு விலை கேட்கிறார். ஃபுளோரிடாவில் இருக்கும் என் மகளோ, அங்கே கராஜ் கதவைத்தான் முதலில் பலப்படுத்துவார்கள், யோசிக்காமல் வாங்குங்கள் என்கிறாள். கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் நமக்கு இது தேவையா?

பதில்: தங்கள் மகள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவின் தென்பகுதியைத் தாக்கியபோது, பல வீடுகளில் அகலமான கராஜ் கதவு உள்வாங்கி, அந்த வழியாகப் புகுந்த காற்று மரச்சட்டக் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளியது. கட்டட விதிகள் அங்கே கடுமையானது அதற்குப் பிறகுதான். நம் ஊரில் கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தாங்கள் எழுதியிருப்பது தகர ஷீட் கூரை. ஷட்டர் பிய்ந்தால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் அந்த ஷீட்டைத்தான் தூக்கும் என்பதால், ஃபுளோரிடாவின் பாடம் தங்கள் வீட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் தங்கள் ஷெட்டுக்குப் பொருந்துகிறது.

2016-இல் வர்தா, 2020-இல் நிவர், 2022-இல் மாண்டஸ் எல்லாம் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகே நம் வட மாவட்டங்களின் பக்கம் வந்தன. காற்றின் வேகம் பாதியானால் அது தரும் அழுத்தம் கால்பங்காகிவிடும் என்பது இங்கே நமக்குச் சாதகம். சென்னைக்கு இந்தியத் தர விதி வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தங்கள் ஷட்டர் அளவுள்ள பரப்பின்மீது 1,300 கிலோவுக்கு மேல் சுமை விழும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் அதே பரப்புக்கு ஏறத்தாழ 400 கிலோ. இதுவும் சிறிய சுமையன்று. கோடை இடிமழையோடு திடீரென்று வரும் சூறைக்காற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வலு தேவைதான். அந்த வலு எங்கே சேர்க்கப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள்.

ஷட்டர் பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை. நடுப்பகுதி வில்லாக வளையும்போது பட்டைகளின் முனைகள், ஷட்டர் ஏறி இறங்கும் இருபக்கப் பள்ளச்சட்டமான கைடு சேனலிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன. கடையில் மாட்டியிருக்கும் மாதிரியைப் பாதி இறக்கச் சொல்லி, நடுப்பட்டையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே ஓரத்தைக் கவனியுங்கள். முனை சேனலுக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறதா, விளிம்பிலேயே ஊசலாடுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, 3.5 மீட்டர் வரை அகலமுள்ள ஷட்டருக்குச் சேனலின் ஆழம் குறைந்தது 65 மி.மீ. என்றும் அதற்கு மேல் 75 மி.மீ. என்றும் சொல்கிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர், தாங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பட்டை முனைகளைச் சேனலுக்குள்ளேயே பிடித்துவைக்கும் ‘விண்ட் லாக்’ இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். ‘புயல் தாங்கும்’ என்ற பெயருக்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

தகட்டைப் பொறுத்தவரை, கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ. மட்டுமே. தங்கள் அகலத்துக்கு 18 கேஜைவிட மெல்லிய தகடு வேண்டாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வெட்டுமுனையில் தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சேனல் எதில் பிடித்திருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். பழைய செங்கல் சுவரில் பிளக் வைத்து ஸ்க்ரூ அடித்தால், ஷட்டர் எவ்வளவு கனமாக இருந்தாலும் காற்று அதைச் சட்டத்தோடு பெயர்த்துவிடும். இருபக்கமும் கான்கிரீட் தூண் இருந்தால் அதில் ஆங்கர் போல்ட் போடுங்கள். இல்லையென்றால் கொத்தனாரை வைத்து முதலில் தூண் எழுப்புங்கள். புயல் எச்சரிக்கை வரும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும்படி, தரையில் குழியும் மேலே பிராக்கெட்டும் வைத்த கழற்றும் நடுத்தூண் ஒன்றை வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். அது உள்ளிருந்து முட்டுக்கொடுப்பதால் உள்நோக்கிய தள்ளலை மட்டுமே தடுக்கும். காற்று வெளிப்பக்கம் உறிஞ்சும்போதும் ஷட்டர் நிற்க, பட்டைகளைத் தூணோடு பிணைக்கும் கொக்கியும் வேண்டும். மோட்டார் வைப்பதாக இருந்தால், மின்சாரம் போனபின் கையால் இழுக்கும் சங்கிலி கட்டாயம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளைத் துருவோடு விட்டால் பணம் வீண். எனக்கு விட்டால் முதல் செலவை அங்கேதான் செய்வேன்.

கேள்வி: ‘புயல் தாங்கும்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள், பில் கேட்டால் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருகிறார்கள். என்ன செய்வது? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: தகட்டின் கனம் மில்லிமீட்டரில், சேனலின் ஆழம், போல்ட்டின் அளவு, உத்தரவாதக் காலம் ஆகிய அனைத்தும் எழுதிய பில் கைக்கு வரும் என்று உறுதியான பிறகே முன்பணம் கொடுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால், தாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: ஷட்டரும் உள்ளே நின்ற காரும் புயலில் சேதமானால் காப்பீடு கிடைக்குமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் புயல் சேதம் அடங்கும்; குடியிருப்போடு சேர்ந்த கார் ஷெட்டும் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். காருக்கு அது உதவாது. அதற்குச் சொந்தச் சேதத்தையும் சேர்த்த வாகனக் காப்பீடு வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதாது. ஷட்டர் பொருத்தி முடித்த அன்றே தேதியோடு புகைப்படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.