சனிக்கிழமை நாலு மணிக்கு பிரிட்டன்ல மல்யுத்தம்

கேள்வி: நான் டபிள்யூ.டபிள்யூ.இ மட்டுமே பார்த்து வளர்ந்தவன். பிரிட்டன்லயும் ஒரு காலத்துல ரெஸ்லிங் பெரிய பிசினஸ்னு சொல்றாங்களே, யார் நடத்துனது? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அமோகமா நடந்த பிசினஸ் தம்பி அது. 1952ல மல்யுத்த ஷோ நடத்துற சில ப்ரமோட்டருங்க சேர்ந்து ஜாயின்ட் ப்ரமோஷன்ஸ்னு ஒரு கூட்டணி போட்டாங்க. லண்டன் பக்கம் டேல் மார்ட்டின் கம்பெனி, யார்க்‌ஷயர் பக்கம் நார்மன் மோரல்னு ஆளாளுக்கு ஒரு ஏரியா, ஒருத்தர் ஏரியால இன்னொருத்தர் ஷோ போடக்கூடாது, ஆனா வீரர்களை மாத்தி மாத்தி அனுப்பிக்கலாம். கூட்டணிக்கு வெளிய போய் ஆடிட்டு வந்தா இங்க சான்ஸ் கிடைக்காது. அதனால சம்பளம்னா அவங்க வச்சதுதான் ரேட்டு, எனக்கு இன்னிக்கும் மனசு ஆறாத விஷயம் இதுதான்.

1955 நவம்பர்ல ஐடிவிங்கிற பிரிட்டிஷ் டிவி சேனல் லண்டன் வெஸ்ட் ஹாம் பாத்ஸ்லேர்ந்து மேட்ச் காட்ட ஆரம்பிச்சுது. பாத்ஸ்னா பொது நீச்சல் குளம், அங்க நிறைய ஊர்ல குளிர்காலத்துல குளத்தை பலகை போட்டு மூடி அது மேல ரிங் கட்டி நாற்காலி போட்டுருவாங்க. 1965லேர்ந்து வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட் நிகழ்ச்சில சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி, கென்ட் வால்டன் வர்ணனை. ஃபுட்பால் ரிசல்ட் வர்றதுக்கு சரியா முன்னாடி வந்த நேரம் அது, பந்தயம் கட்டின சீட்டை மடியில வச்சிக்கிட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்கிற வீடெல்லாம் மல்யுத்தமும் பார்த்துச்சு. மிக் மெக்மானஸ் வில்லத்தனம் பண்ணா ரிங் பக்கத்துல உக்காந்த பாட்டிங்க ஹேண்ட்பேக்காலயே அடிக்க எழுந்துருவாங்களாம்! டிவில பார்த்த முகத்தை நேர்ல பார்க்க ஊர் ஊரா டிக்கெட் வித்துச்சு, காசு அங்கதான்.

கேள்வி: பிக் டாடிதான் பிரிட்டிஷ் ரெஸ்லிங்கை கெடுத்தாருன்னு லண்டன்ல இருக்கிற எங்க மாமா சொல்றாரு. நிஜமா? (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: பாதி நிஜம்மா. பிக் டாடிங்கிறது ரிங்ல அவர் வச்சுக்கிட்ட பேரு, அந்த மல்யுத்த வீரரோட நிஜப் பேரு ஷெர்லி கிராப்ட்ரீ. 1970கள் நடுவுல அவரோட தம்பி மேக்ஸ்தான் ஜாயின்ட் ப்ரமோஷன்ஸ்ல யார் யாரோட மோதணும்னு முடிவு பண்ற இடத்துக்கு வந்தாரு. அப்புறம் எல்லா ஊர்லயும் ஒரே கதை, சின்ன பையன் ஒருத்தன் டாடிக்கு பார்ட்னரா வந்து நல்லா அடி வாங்குவான், கடைசில டாடி உள்ள வந்து வயித்தால மோதி முடிச்சுருவாரு, ஜனம் "ஈஸி, ஈஸி"னு கத்தும். 1981ல வெம்ப்ளி அரீனால ஜயன்ட் ஹேஸ்டாக்ஸோட மோதுன பெரிய மேட்ச் மூணு நிமிஷம்கூட ஓடல. ஹால் நிறைஞ்சதை மறுக்க முடியாது, குழந்தைங்க அவரை உயிரா நினைச்சாங்க. ஆனா வயசான ஒரே ஆள் மேல முழு கடையையும் வச்சது மேக்ஸோட முடிவு, பழியை டாடி தலையில மட்டும் போடுறது எனக்கு நியாயமா படல. டைனமைட் கிட், டேவி பாய் ஸ்மித் மாதிரி திறமைசாலிங்க கனடா போயிட்டாங்க. 1985 செப்டம்பர்ல வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட் நின்னுச்சு, 1988 டிசம்பர்ல ஐடிவில மல்யுத்தமே போச்சு. 1992ல இன்னிக்கு டபிள்யூ.டபிள்யூ.இ-னு சொல்ற அமெரிக்க கம்பெனி வெம்ப்ளி ஸ்டேடியத்தை நிரப்பினப்ப கடைசி மேட்ச்ல ஜெயிச்சது அதே டேவி பாய்தான்.

மாமாகிட்ட பிரயன் டிக்சன் பத்தியும் கேளுங்கம்மா. ஜிம் பிரேக்ஸ்ங்கிற வீரருக்கு ரசிகர் மன்றம் நடத்தினவரு, பின்னாடி ஆல் ஸ்டார்னு சொந்த கம்பெனி ஆரம்பிச்சு, டிவி கைவிட்ட பிறகும் பட்லின்ஸ் ஹாலிடே கேம்ப்ல, சின்ன சின்ன டவுன் ஹால்லன்னு ஷோ போட்டுக்கிட்டே இருந்தாரு, 2023ல அவர் காலமாகுற வரைக்கும்.